சுவருக்குத் தண்ணீர்

காலையில் எழுந்ததும் நான் முதலில் போவது கிழக்கு அறைக்கு. குனிந்து, சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். குளிர்ச்சி வேறு, ஈரம் வேறு. இப்போதெல்லாம் என் கை இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுகிறது. வெறும் குளிர்ச்சிதான் என்று தெரிந்த பிறகே பாலை அடுப்பில் வைப்பேன். என் கணவர் இதைப் பல நாள் பார்த்திருக்கிறார். ஏன் என்று கேட்டதில்லை.

அது எங்கள் மகளின் அறை. அவள் அதில் இன்னும் ஒரு இரவுகூடத் தூங்கவில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. வாடகை வீடுகளிலேயே பாதி வயது போய்விட்ட எங்களுக்கு இந்த மனை வாங்கியதே பெரிய காரியம். மகள் சென்னையில் கட்டடக்கலை படித்தாள். சில வருடம் அங்கேயே அடுக்குமாடிகளுக்குப் படம் வரைந்தாள். பிறகு புதுச்சேரிப் பக்கம் மண்ணால் வீடு கட்டுகிறவர்களோடு சேர்ந்து வேலை கற்றுக்கொண்டு வந்து நின்றாள்.

“நம்ம வூட்ட நான் கட்டறேன்மா. மண்ணுல.”

எனக்கு அன்றே பயம்தான். கரையான் வருமே, மழைக்குக் கரையுமே, ஊர் என்ன சொல்லும். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவள். பயத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கப் படிப்பு நன்றாகவே உதவும். என் கணவர்தான் யோசிக்கவே இல்லை. மணலூர்பேட்டைப் பக்கம், பெண்ணையாற்றை ஒட்டிய விவசாயக் குடும்பம் அவருடையது. இன்றும் அங்கே கரும்பு இருக்கிறது. “அவ கட்டட்டும். பொண்ணு கட்டுன வூட்டுல இருக்க எத்தினி பேருக்குக் குடுத்து வச்சிருக்கு?” என்றார்.

பழைய மண் வீடு மாதிரி இல்லை அவள் போட்ட படம். அடித்தளம் கருங்கல். மேலே மரச்சட்டமும் ஓடும். குளியலறைகளுக்கு மட்டும் சிமெண்டு. மண் சுவருக்குள்ளேயே மின்சாரக் குழாய் ஓடும், ஏசிக்கு இடம் விட்டிருக்கும், ஜன்னல்கள் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய செம்மண்ணையே சலித்து, மணலும் வைக்கோலும் சேர்த்து, தண்ணீர் விட்டுக் காலால் மிதித்தார்கள். அதை உருண்டை உருண்டையாகப் பிடித்து அடுக்கி, முழ உயரத்துக்கு ஒரு படை. அது காய்ந்து இறுகின பிறகு அதற்கு மேல் அடுத்த படை.

எதிர்வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் வந்து இடுப்பில் கை வைத்து நிற்பார்.

“இன்னா டீச்சர், ஊரே மண்ணு வூட்ட இடிச்சிட்டு காங்கிரீட் வூடு கட்டுது. நீங்க ரிவர்ஸ்ல போறீங்க?”

நான் பதில் தேடுவதற்குள் மகள் சாரத்தின் மேலிருந்து சொன்னாள்: “ரிவர்ஸ்ல போவாம நீங்க எந்த டிப்போவுல பஸ்ஸ நிறுத்துனீங்க பெரியப்பா?”

அவர் சிரித்துக்கொண்டே போனார். அந்த நாட்களில் எங்கள் வீட்டு மனையில் சிரிப்பு நிறைய இருந்தது.

ஒவ்வொரு படையின் மேல் விளிம்பையும் ஈரச் சாக்குப் போட்டு மூடி வைப்பாள். அடுத்த படை ஒட்ட வேண்டுமானால் அந்த விளிம்பு மட்டும் காயக் கூடாது. மற்றபடி சுவர் முழுக்கக் காற்றாடக் காய வேண்டும். இதை அவள் மேஸ்திரியிடம் சொன்னாள், மிதிக்க வந்த பெண்களிடம் சொன்னாள். அப்பாவிடம் சொல்லத் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தெரியாதது ஈரத்தில் என்ன இருக்கிறது?

வீட்டின் மற்ற சுவர்கள் எழும்பி, கிழக்கு அறைச் சுவர் கழுத்து உயரத்துக்கு வந்திருந்தபோது, அவள் கடுக்காய் வாங்கக் கல்வராயன் மலைக்குப் போனாள். சுண்ணாம்புப் பூச்சுக்குக் கடுக்காய் ஊறின தண்ணீர் வேண்டும். மலைக் கடுக்காயை நேரில் பார்த்துத்தான் எடுப்பேன் என்று போனவள் சில நாள் அங்கேயே தங்கிவிட்டாள். இங்கே வெயில் கடுமை. மேலே போட்ட சாக்கு காய்ந்து மொறுமொறுவென்று ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு என்று ஒரு வேலை உண்டு. கொத்தனார் போன பிறகு, வீட்டுக்குச் சொந்தக்காரர் பைப்பை எடுத்துக்கொண்டு காலையும் சாயந்தரமும் சுவருக்குத் தண்ணீர் விட வேண்டும். கியூரிங். ஒரு வேளை விட்டுப்போனால்கூடப் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். என் நாத்தனார் மணலூர்பேட்டையில் வீடு கட்டியபோது இவர்தான் அந்த வேலையைச் செய்தார். “அக்கா வூட்ல ஒரு வெடிப்பு காட்டு பாக்கலாம்” என்று இன்றும் பந்தயம் கட்டுவார். அப்படிப்பட்டவர், மகள் கட்டும் சுவர் காய்ந்து கிடப்பதைப் பார்த்துச் சும்மா இருப்பாரா? பைப்பைப் பிடித்தார். மேலிருந்து அடிவரை, கரும்புக்குப் பாய்ச்சுவது போல, அவள் ஊரில் இல்லாத நாளெல்லாம் இரு வேளையும் விட்டார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். சாயந்தர வெயிலில் ஈரச் சுவர் கருஞ்சிவப்பாக மின்னியது. அழகாக இருக்கிறதே என்று இருவரும் சொல்லிக்கொண்டோம்.

அவள் மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்தாள். கடுக்காய் மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு நேராகக் கிழக்கு அறைக்குள் போனாள். நான் கேட்டருகில் நின்றிருந்தேன். கதவு வைக்காத வாசக்கால் வழியே, அவள் குனிந்து சுவரின் அடியைத் தொட்டதைப் பார்த்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

சுவர் விழுவது என்றால் மடமடவென்று சரியும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. களைத்த மாடு முன்னங்காலை மடிப்பது போல அது முதலில் உட்கார்ந்தது. பிறகு மேல் பாதி உள்பக்கமாக அவள் மேல் சாய்ந்தது. தூசி எழவில்லை. பெரிய சத்தமும் இல்லை. அவள் இருந்த இடத்தில் மண் இருந்தது.

கையாலேயே தோண்டினோம். மண்வெட்டியை எடுத்த மேஸ்திரியை என் கணவர் தள்ளிவிட்டது நினைவிருக்கிறது. முகம் வெளியேதான் இருந்தது, மண் தோளுக்குத்தான் ஏறியிருந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்த முகம் நினைவில் இல்லை. அவள் காதுக்குள் இருந்த மண்ணை என் சுண்டுவிரலால் எடுத்தது மட்டும் இருக்கிறது.

காறையெலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்சில் ஏற்றும்போது தெருவே கூடிவிட்டது. “மண்ணுல கட்டுனா இப்புடித்தான்” என்று யாரோ சொன்னார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவள் அவர்கள் பக்கம் தலையைத் திருப்பி, “மண்ணு மேல தப்பு இல்ல. கலவைல மணல் ஜாஸ்தி போட்டுட்டேன். என் தப்புதான்” என்றாள்.

அவள் கண் போன இடத்துக்கு என் கண்ணும் போனது. பைப் அங்கேயே கிடந்தது. வாயிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் அதன் பக்கத்தில், கையெல்லாம் மண்ணோடு நின்றிருந்தார். அவள் சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

அதன் பிறகு வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. தோளில் கட்டோடு அவள் வாடகை வீட்டில் எங்களோடு இருந்தாள். அவளிடம் வீடு கட்டக் கேட்டிருந்த ஒரு டாக்டர் தம்பதி அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. ஒரு சாயந்தரம் டிவி ஓடிக்கொண்டிருந்தபோது என் கணவர் ஆரம்பித்தார்.

“பாப்பா, அன்னிக்கு நான்...”

“அப்பா, அந்த ரிமோட்ட எடுங்க. சவுண்டு கம்மியா இருக்கு.”

எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான்.

எலும்பு கூடியதும் மலைக்குப் போய்விட்டாள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு தம்பதி, தங்கள் நிலத்தில் மண் வீடு கட்டித்தரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டு வேலையை மேஸ்திரிக்குப் போனிலேயே சொல்லச் சொல்ல, மற்ற அறைகள் முடிந்தன. நாங்கள் குடிவந்தோம். கிழக்கு அறை மட்டும் தார்ப்பாய் கட்டிக் கிடந்தது. அவள் வீட்டுக்கு வரவே இல்லை. ஊருக்கு வந்தால் முதல் பஸ்ஸில் வருவாள், பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்ப்பாள், சாயந்தர பஸ்ஸில் ஏறிவிடுவாள்.

காற்றடித்தால் தார்ப்பாய் படபடக்கும். தூக்கக் கலக்கத்தில் எனக்கு அது அவள் போர்வையை உதறி மடிக்கிற சத்தமாகக் கேட்கும். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான், எழுந்ததும் உதறு உதறென்று உதறுவாள், தூசி பறக்கிறது என்று நான் திட்டுவேன். ஐப்பசி மழைக்கு முன் அவள் வந்து அந்தச் சுவரை எழுப்பாவிட்டால் அறை அப்படியே போய்விடும் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொன்ன கவலை. உள்ளே இருந்த கவலை அது இல்லை. அவள் அந்த அறையில் படுத்துத் தூங்கி, காலையில் போர்வையை உதற வேண்டும். அது நடக்காவிட்டால் இது எங்களுக்கு வீடாகாது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை அவரிடம் சொல்லாமல் மலை பஸ்ஸில் ஏறினேன். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் ஏற ஏறக் காது அடைத்தது. வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது, புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு ஒரு பெண் மண் மிதித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரி அவள்தான்.

“நீங்கதான் எஞ்சினியர் பொண்ணோட அம்மாங்களா? அதே மூக்கு” என்றாள். மிதிப்பதை நிறுத்தவில்லை. “அப்போ செவுத்துக்குத் தண்ணி பாய்ச்சினாரே, அவரு உங்க வூட்டுக்காரருங்களா?”

 சாரத்தின் மேலிருந்த அவள் கணவன் சிரித்தான். “காலைலயும் சாயந்தரமும் வுட்டாராமே, கரும்புத் தோட்டம் மாரி!”

“நீ கம்முனு இரு. அக்கா, எங்க நாயி இருக்குதே, தெனமும் இந்த மூலைக்கு வந்து காலத் தூக்கிட்டுத்தான் போவுது. செவுரு இன்னா பண்ணுச்சி? நிக்குது. உங்க வூட்டுக்காரரு அதவுட கொஞ்சம் ஜாஸ்தியா வுட்டுட்டாரு போல.”

நான் சிரித்துவிட்டேன். எத்தனை மாதம் கழித்துச் சிரித்தேன் என்று தெரியாது. சிரிப்பு அழுகையாக மாறியதும் அவள் மிதிப்பதை விட்டுவிட்டு வந்து, மண் கையைத் தூக்கிப் பிடித்தபடி, முழங்கையால் என் முதுகைத் தேய்த்தாள்.

எங்கள் வீட்டில் மூச்சுவிட முடியாதபடி கிடந்த விஷயம், இந்த மலையில் ஒரு வேடிக்கைக் கதையாக உலவிக்கொண்டிருந்தது. சொன்னது என் மகள்.

“உங்க பொண்ணு கெட்டிக்காரிதான்” என்று அந்தப் பெண் சொன்னாள். “ஆனா அறைக்கு உள்ளாற மட்டும் வராது. வெளிய நின்னுக்கினே வாசக்கால் வழியா கை காட்டும், அங்க வையி, இங்க வையின்னு.”

அப்போது மகள் வந்தாள். கறுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. வழியில் சுவர் இருந்தது. அதை நெருங்கியதும் குந்தி உட்கார்ந்து அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் அதைக் கடந்து வந்தாள். அங்கிருந்த மத்தியானம் முழுக்க, சுவரைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அவள் அப்படியே செய்தாள்.

சாலையோரக் கல்லில் உட்கார்ந்து வெந்த மரவள்ளிக்கிழங்கு தின்றோம்.

“இங்க இருக்கறவங்களுக்குச் சொல்லியிருக்க. நம்ம ஊர்ல ஏன் சொல்லல?”

“இங்க அப்பாவ யாருக்கும் தெரியாதும்மா. அங்க சொன்னா, அப்பா கடைசி வரைக்கும் பொண்ணு மேல செவுத்த இடிச்ச ஆளு. நான் கலவைய தப்பாப் போட்ட ஆளு. நான் நல்லா நாலு வூடு கட்டுனா என் பேரு மாறிடும். அப்பா எங்க போயி வூடு கட்டுவாரு?”

“அப்போ அவருகிட்டயாவது பேசு.”

“பேசுனா மன்னிப்பு கேப்பாரு. அப்பா என்கிட்ட கைய கட்டிக்கினு நிக்கறத என்னால பாக்க முடியாது.”

நான் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே சொன்னேன்: “அவரு பைப்பத் தொடறதே இல்லடி. கொல்லை வாழைக்குக்கூட நான்தான் விடறேன்.”

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். “கரும்புக்கு?”

“மடை மாத்தக்கூட ஆள் வச்சிட்டாரு.”

மீதிக் கிழங்கை இலையில் வைத்து மூடினாள். வா என்று நான் கேட்கவில்லை. வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது, “படில நிக்காதம்மா, வளைவு ஜாஸ்தி” என்று மட்டும் சொன்னாள்.

புரட்டாசி பிறந்து ஒரு நாள் பள்ளியிலிருந்து திரும்பினால், கேட்டருகில் அவள் செருப்பு கிடந்தது. செம்மண் ஏறிய, வார் பிய்ந்த செருப்பு. அதைக் கடந்து உள்ளே போக எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

சுவர் மறுபடி எழுந்தது. அவள் வெளிப்பக்கம் நின்றே வேலை வாங்கினாள். எதிர்வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, “மணல் கரெக்டா போட்டியாம்மா?” என்றார். “கரெக்டா போட்டேன் பெரியப்பா” என்றாள். என் கணவர் டீ எடுத்துக்கொண்டு வருவார். வராந்தாத் தூணைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டார். டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுப் போவார். அவளும் முதல் பஸ்ஸில் வந்து சாயந்தர பஸ்ஸில் போய்விடுவாள். மழைக்கு முன் கூரை மூடினோம். அந்த மழைக்காலம் முழுக்கச் சுவர் உள்ளுக்குள் மெல்லக் காய்ந்தது.

தை பிறந்ததும் பூச்சு வேலை. “அப்பாவ வெல்லம் கொண்டாரச் சொல்லு” என்று என்னிடம் போனில் சொன்னாள். கடுக்காயோடு வெல்லமும் ஊற வேண்டும். அவர் மணலூர்பேட்டையிலிருந்து ஒரு மூட்டையையே கொண்டுவந்து இறக்கினார்.

“செவுத்துக்கா, ஊருக்கே பொங்கல் வைக்கவா?” என்றாள் அவள், என்னைப் பார்த்து.

“எவ்ளோன்னு சொல்லல” என்றார் அவர், என்னைப் பார்த்து.

பூசி முடித்தார்கள். பால் நிறத்தில் சுவர் வழுவழுவென்று இருந்தது. மறுநாள் மத்தியானம் அவள் குரல் கேட்டது. “அப்பா, இங்க வாங்க.” தூணருகில் நின்றவர் என்னைப் பார்த்தார்.  போனார். நான் பின்னால் போனேன்.

அவள் அறைக்கு உள்ளே நின்றிருந்தாள். கையில் பைப். அவரிடம் நீட்டினாள். அவர் பின்னால் நகர்ந்தார்.

“வேணாம் பாப்பா.”

“இது சுண்ணாம்புப்பா. இதுக்குத் தண்ணி வேணும். காஞ்சா வெடிச்சிரும். எனக்கு மலைல வேல கெடக்குது, அம்மாவுக்கு ஸ்கூலு. யாரு விடறது?”

“மேஸ்திரி விடுவாரு.”

“அத்த வூட்டுச் செவுத்துல வெடிப்பு இருக்குதா?”

அவர் பைப்பின் வாயைப் பார்த்தார்.

“சொல்லுங்கப்பா. இருக்குதா?”

“இல்ல.”

“யாரு கியூரிங் பண்ணது?”

பைப்பை அவர் வாங்கவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். விரல்களை நனைத்து, பூசின சுவரில் லேசாகத் தெளித்தார். 

“இன்னாப்பா, செவுத்துக்குத் தீர்த்தமா தெளிக்கறீங்க?” என்றாள். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதுகுப் பக்கமிருந்து எனக்குத் தெரியவில்லை. நான் அவரைப் பார்க்கவும் இல்லை. மகள் அந்தச் சுவருக்கு உட்பக்கத்தில், சுவரை ஒட்டி நிற்கிறாள் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நிற்க வேண்டும் போல இருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றும் சாயந்தர பஸ்ஸில் போய்விட்டாள்.

அதிலிருந்து தினமும் காலையில் அவர் சுவரைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புகிறார். பிறகு போன் செய்கிறார்.

“இன்னிக்குக் கொஞ்சம் வெளுத்த மாரி இருக்குது பாப்பா.”

“தெளிங்கப்பா. லேசா.”

சுண்ணாம்பு காற்றை இழுத்துக்கொண்டு கல்லாவதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். முதல் சில வாரங்களுக்கு மேல் அந்தச் சுவருக்குத் தண்ணீர் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாசி முடியப் போகிறது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவள் தெளிங்கப்பா என்கிறாள். வாழைக்கும் இப்போது அவர்தான் விடுகிறார்.

அறையில் கட்டில் போட்டிருக்கிறேன். வாரா வாரம் விரிப்பை மாற்றுகிறேன், யாரும் படுக்காத விரிப்பை. இந்த வாரம் மஞ்சள் பூப்போட்டது. நேற்றுக் காலை அவர் போனை எடுத்துக்கொண்டு கிழக்கு அறைக்குப் போனபோது பின்னாலேயே போனேன்.

“கட்டிலும் தெரியற மாரி எடுங்க” என்றேன்.

“செவுரு சின்னதா வருமே.”

“வந்தா வரட்டும்.”

எடுத்து அனுப்பினார். பதில் உடனே வரவில்லை. முதல் பீரியட் முடிந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தபோது, அவரிடமிருந்து எனக்கு போன் வந்தது. அவள் அனுப்பியதை எழுத்துக் கூட்டுவது போல நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

“‘பெட்ஷீட் நல்லாருக்கு. சனிக்கிழம கடைசி பஸ்ஸுக்கு வர்றேன்.’ கடைசி பஸ்ஸுன்னா, அப்புறம் மலைக்குத் திரும்பிப் போறதுக்கு பஸ் இல்லியே?” என்றார்.

“இல்ல” என்றேன்.

இன்று வியாழன். காலையில் தொட்டுப் பார்த்ததுதான். இருந்தாலும், இதை எழுதும் முன் இன்னொரு முறை போய் அடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.